கடலின் நாடி யார் கையில்?

"கடலாவது, கெடுவதாவது! ஆறெல்லாம் வந்து கலந்தும் நிறையாத கடல், ஊர் அழுக்கு கலந்தா கெட்டுவிடும்? கடல் தாயப்பா, தாய்! தாய்க்கு ஏது தீட்டு?"

இப்படிப் பேசுவோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். ஆடி அமாவாசையன்று அலையருகே நின்று எள்ளும் அரிசியும் இறைத்துவிட்டு, அவற்றைச் சுமந்து வந்த பிளாஸ்டிக் பையையும் அதே அலையிலே மிதக்கவிட்டு வீடு திரும்புகிறாரே, அந்த அன்பரைக் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார். கடலைத் தாய் என்பார். அந்தத் தாய்க்கு நாடி பிடித்துப் பார்க்கவேண்டும், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அளக்கவேண்டும் என்றால் மட்டும், "நமக்கெதற்கு அதெல்லாம்?" என்பார். கும்பிட ஆயிரம் கைகள். நாடி பார்க்க ஒரு கை இல்லை!

வேடிக்கை என்னவென்றால், இதே கடலைத் தாண்டினால் பாவம் என்று விதித்ததும் இந்த வைதீகந்தான். கணித மேதை இராமானுசன் 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கு முன்னர் எத்தனை தயக்கம், எத்தனை தடை! அறிவைத் தேடிக் கடலைக் கடந்தால் தீட்டு; அழுக்கை மூட்டை கட்டிக் கடலில் கொட்டினால் தீட்டு இல்லை. என்ன தருமமோ இது!

வைதீகரை விட்டுவிடுவோம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இந்த இயக்கம் ஒரு நூற்றாண்டாகச் சொல்லி வருகிறது. இப்போது கேள்வி நமக்கு. எதையும் அளந்து பார்த்து ஆராய்ந்த பின்னரே ஏற்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, நம் வீட்டு வாசலில் இருக்கும் கடலை நாம் அளந்ததுண்டா? அளந்தவர்களிடம் சென்று, "அளந்தீர்களே, கணக்கு என்ன?" என்று கேட்டதாவது உண்டா?

"கடல் எங்கே, நாம் எங்கே!" என்று மறைமலை நகரிலும் ஊரப்பாக்கத்திலும் முடிச்சூரிலும் குடியிருக்கும் தோழர் நினைக்கக்கூடும். தூரம் காலுக்குத்தான், தோழரே; தண்ணீருக்கு இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு. முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் தொட்டு, திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே ஓடி, பட்டினப்பாக்கத்தருகே சீனிவாசபுரத்தில் அது கடலில் விழுகிறது. 2015 டிசம்பரில் இந்த ஆறு கூடத்துக்குள் புகுந்து கட்டிலின்மேல் ஏறியபோது அதன் பெயரை அறிந்துகொண்டோம். வெள்ளம் வடிந்தது, பெயரும் மறந்தது. நம் வீட்டுச் சோப்பு நீருக்கு மட்டும் வழி மறக்கவில்லை. நாள்தோறும் அதே பாதையில் நடந்து கடலுக்குப் போய்ச் சேருகிறது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி என்னும் மகுடம் சூட்டிக்கொண்டது. மகுடம் வந்த வேகத்தில் நிலத்தடிச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வந்துவிடவில்லை.

மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கத்துத் தோழர்களின் கழிவுநீர் வேறு வழியாகப் போகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் வடிகால் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கோவளம், கடல். 2022-ல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்ற சதுப்பு அது. அதன் மடியிலேதான் பெருங்குடிக் குப்பைமேடும் பல பத்தாண்டுகளாக வளர்ந்தது. ஒரு கையில் உலகப் பட்டயம், மறு கையில் ஊர்க்குப்பை!

2019-ம் ஆண்டின் கடைசியில், மழை கொட்டி ஓய்ந்ததும், மெரினா தொடங்கிப் பெசன்ட் நகர்வரை கரையெங்கும் வெண்ணுரை திரண்டு நின்றது நினைவிருக்கிறதா? பனி பெய்ததுபோல் இருக்கிறதென்று குழந்தைகள் அதை அள்ளி விளையாடினர். பெற்றோர் படமெடுத்து மகிழ்ந்தனர். அது பனியன்று, சுத்திகரிக்கப்படாத சாக்கடையும் சோப்புத் தூளின் பாஸ்பேட்டும் மழைநீரோடு கடலில் இறங்கி, அலையால் கடையப்பட்டு எழுந்த நுரை. சீனிவாசபுரத்து மீனவர் வீட்டு வாசலில் நின்ற நுரையில் நம் தாம்பரத்துத் துணிதுவைப்பும் இருந்தது. அவர்கள் நம்மிடம் வந்து நியாயம் கேட்டிருந்தால் என்ன விடை வைத்திருந்தோம்?

பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கடலுக்கு உரம். உரமிட்ட வயலில் பயிர் கொழிப்பதுபோல, அவை மிகுந்தால் நுண்பாசி பல்கும். பல்கியது மடியும், மடிந்தது அழுகும், அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தின்று தீர்க்கும். மீன் திணறிச் சாகும். 2019 செப்டம்பரில் மண்டபத்தை அடுத்த மன்னார் வளைகுடாக் கரையில் நீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதைக் கண்ட அப்பகுதி மீனவர், "பூங்கோரை வந்துவிட்டது" என்றனர். அறிவியலார் நாக்டிலூக்கா என்றனர். பெயர் இரண்டு, உயிர் ஒன்று. அதற்கு முந்தின மாதம்தான் திருவான்மியூர்க் கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததென்று நகரமே திரண்டுபோய் வியந்தது. அந்த ஒளியைத் தந்ததும் நாக்டிலூக்காதான். ஒளிர்வதெல்லாம் நோய் என்று நாம் கூறவில்லை. ஒளிர்ந்தது எதனால், நீரில் எது எவ்வளவு ஏறியது என்று அளந்தவர் வந்து சொன்னாலன்றி, வியப்பதும் அஞ்சுவதும் இரண்டும் மூடத்தனமே என்கிறோம்.

அளப்பவர் இல்லையா? இருக்கிறார்கள். அதுதான் விந்தை! வேளச்சேரி - தாம்பரம் நெடுஞ்சாலையில், பள்ளிக்கரணையில், நாம் பேருந்தில் நாள்தோறும் கடந்துபோகும் மதிலுக்குள்ளேதான் இருக்கிறார்கள். 1993-ல் தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அங்கே இருக்கிறது. தேசியக் கடலோர ஆய்வு மையமும் அதே வளாகத்தில் இருக்கிறது. கடலோர நீரைக் கண்காணிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 1991-ல் தொடங்கிற்று. கரையிலிருந்து ஆழ்கடல் நோக்கிப் பல தொலைவுகளில் நீரை மொண்டு வெப்பம், உவர்ப்பு, அமிலநிலை, கரைந்த உயிர்வளி, நைட்ரேட், பாஸ்பேட், உலோகங்கள், மிதவை உயிர்கள், மலக்கிருமிகள் என ஏறத்தாழ 25 வகையில் சோதிக்கும் திட்டம் அது. தேர்ந்த அறிஞர்கள் செய்யும் அருமையான பணி. அலையும் வெயிலும் பாராது மாதிரி எடுக்கும் அந்த ஆய்வாளர்களை நாம் குறை சொல்லவில்லை, போற்றுகிறோம்.

ஆனால் அளந்த கணக்கு எங்கே போகிறது? ஆய்வுக் கப்பல்களின் பெயரைப் பாருங்கள்: "சாகர் தாரா", "சாகர் அன்வேஷிகா". அறிக்கையின் மொழியைப் பாருங்கள்: ஆங்கிலம், அதை விட்டால் இந்தி. கப்பலின் பெயர் வடமொழி, கணக்கின் மொழி ஆங்கிலம், கடல் மட்டும் தமிழனுடையது! பழவேற்காட்டிலிருந்து கோவளம்வரை அக்கடலில் இறங்கி வயிறு வளர்க்கும் மீனவனுக்கு, அவன் வலை விழும் நீரில் உயிர்வளி எவ்வளவு என்பதை அவன் மொழியில், அவன் குப்பத்தில், அவன் கண்ணெதிரே எழுதி வைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பலகை கிடைக்கவில்லையா?

பலகை இயலாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் "நீலக்கொடி" என்னும் சான்று வந்தது. டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட ஓர் அறக்கட்டளை தருவது. அச்சான்றின் விதிகளில் ஒன்று என்ன தெரியுமா? குளிக்கும் நீரைத் தவறாமல் சோதிக்கவேண்டும். சோதனையின் முடிவை வருவோர் போவோர் எல்லாரும் காணும்படி கரையிலேயே எழுதி வைக்கவேண்டும். ஆகா, நல்ல விதி! நாம் கேட்பதும் அதைத்தானே! எங்கிருந்தோ வந்து ஒரு பொழுது நீராடிச் செல்லும் உல்லாசப் பயணிக்குக் கணக்குச் சொல்லவேண்டும் என்று டென்மார்க்குக்காரன் விதி வகுத்தால், விழுந்தடித்துக்கொண்டு நிறைவேற்றுகிறோம். காலையும் மாலையும் அந்நீரிலேயே நிற்கும் நொச்சிக்குப்பத்துக்காரனுக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்காரிக்கும் கணக்குச் சொல்ல எந்த நாட்டுக்காரன் வந்து விதி வகுக்கவேண்டும்?

குளிக்கத் தகுந்த கடல்நீர் எது என்பதற்கு நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதிகளிலேயே வரம்பு உண்டு. ஒரு லிட்டரில் கரைந்த உயிர்வளி 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. 100 மில்லிலிட்டரில் மலக்கிருமியின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டலாகாது. இரண்டே எண்கள்! விதி சொல்வது இவ்வளவு, இன்று இருப்பது இவ்வளவு என்று சுண்ணாம்பால் எழுத ஒரு கருப்புப் பலகை போதும். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் சுவர் போதும். கோடி ரூபாய்த் திட்டமா இது?

"பலகை வைத்தால் மக்கள் பீதி அடைவர்" என்பார் அதிகாரி. இந்த வாதத்தை நாம் நன்கறிவோம். 2017 சனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் எதுவும் கசியவில்லை, கவலை வேண்டா என்று முதலில் அறிவிப்பு வந்தது. கவலை கரைக்கு வந்து சேர எத்தனை நாழிகை ஆகும்? எர்ணாவூர்ப் பாறைகள் கறுத்தன. ஆமைகளும் மீன்களும் எண்ணெய்ப் பூச்சோடு ஒதுங்கின. டன் கணக்கில் திரண்ட கசட்டை மீனவரும் மாணவரும் வாளியால் மொண்டனர். வான்வெளியில் கோள் ஏவும் நாட்டில், எண்ணெய்க் கசட்டுக்கு வாளி! சரி, பாடம் கற்றோமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அப்போதும் ஆலையின் முதற் சொல், "எங்கள் குழாயில் கசிவில்லை" என்பதே. அப்போதும் எண்ணெயை மொண்டவர் மீனவரே. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயாய்ப் பறக்க முடியாமல் நின்றன. அதே மாதம் 26-ம் நாள் இரவு, பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலகையா அவர்களை ஓடவைத்தது? எண் தெரிந்ததாலா பீதி வந்தது?

மீனவர் சிலரே வேறொரு ஐயத்தை எழுப்புவர். அது அதிகாரியின் வாதத்தைப்போல் தள்ளிவிடத் தக்கதன்று. "கடல் கெட்டது என்று எழுதிப் போட்டால் எங்கள் மீனை யார் வாங்குவார்? எங்கள் அடுப்பு எரிய வேண்டாமா?" என்பர். உண்மையான கவலை. ஆனால் 2017-ல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் வடக்கே எண்ணூர்ப் பக்கம். விற்பனை படுத்ததோ நகரம் முழுவதும். எண்ணெய் எட்டாத இடத்தில் பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. ஏன்? எது நல்ல நீர், எது கெட்ட நீர் என்று பிரித்துக் காட்ட மக்களிடம் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் வதந்தி ஆளும். வதந்திக்கு எண்ணூர் என்றும் கோவளம் என்றும் பேதம் தெரியாது. எல்லாக் கூடையையும் கவிழ்த்துவிடும். பலகை இருந்தால், கெட்ட இடத்துக்காரன் இழப்பீடு கேட்க அதுவே சாட்சி. நல்ல இடத்துக்காரன் மீன் விற்க அதுவே சான்று.

எண்ணை மறைத்தால் என்னவாகும் என்பதற்கு ஜப்பான் நாட்டு மினமாட்டாவைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டா. கடலோர ஊர். சிஸ்ஸோ என்னும் வேதிப்பொருள் ஆலை. ஊர்ப் பூனைகள் பித்துப் பிடித்ததுபோல் ஆடிச் சுழன்று விழுந்து மடிந்தன. "பூனை நடன நோய்" என்று ஊரார் பெயரிட்டனர். பூனைக்கு வந்தது, மீன் தின்ற மனிதருக்கும் வந்தது. கை நடுங்கியது, நா குழறியது, கண் மங்கியது. 1956 மே முதல் நாள் நோய் முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஆலையின் சொந்த மருத்துவமனை மருத்துவர் ஒசோகாவா, 1959-ல் ஆலைக் கழிவைப் பூனையின் உணவில் கலந்து கொடுத்துச் சோதித்தார். பூனையின் எண் 400. அதற்கும் அதே நோய்! உண்மை அகப்பட்டுவிட்டது, அளந்தவர் அளந்துவிட்டார். ஆலை நிருவாகம் என்ன செய்தது? முடிவை வெளியிடவில்லை, கழிவையும் நிறுத்தவில்லை. பாதரசம் 1968 வரை கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டுகளில் தாயின் கருவிலேயே நஞ்சேறிப் பிறந்த குழந்தைகள் உண்டு. 1970-ல் நோய்ப் படுக்கையில் கிடந்தபடி அம்மருத்துவர் நீதிமன்றத்துக்கு உண்மையைச் சொன்னார், அவ்வாண்டே மறைந்தார்.

மினமாட்டாவில் அறிவியல் இல்லாமலில்லை. சோதனைக்கூடம் இருந்தது, சோதித்த மருத்துவர் இருந்தார், முடிவும் இருந்தது. முடிவு இருந்த இடம் மேசை அறை. இருக்கவேண்டிய இடம் மீன் சந்தை. அளப்பது பாதிதான் அறிவியல்; அளந்ததை ஊரறியச் சொல்வதே மறுபாதி என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஊரார் தாமே கணக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கரையிலேயே சான்றுண்டு. 1988 முதல் மாணவர்கள் சிலர், ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, பொரித்த குஞ்சைக் கடலில் விடுகிறார்கள். எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை செத்த ஆமை என்று ஏட்டில் எழுதுகிறார்கள். சம்பளம் இல்லை, மாலை மரியாதை இல்லை. 2025 சனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் ஆமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கியபோது, "ஏதோ சில ஆமைகள்" என்று தள்ளிவிட முடியாமற்போனதற்குக் காரணம், கரையில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருந்ததுதான். ஆயிரத்தைத் தாண்டியது எண்ணிக்கை! பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. பிதுங்கிய கண், வீங்கிய கழுத்து: இழுவலையில் சிக்கி மூச்சுக்கு மேலே வரமுடியாமல் மூழ்கியதன் அடையாளம் என்றனர் ஆய்ந்தவர்கள். ஆமைக்கு நுரையீரல் உண்டு. நீருக்கடியிலேயே இருந்துவிட அதனால் முடியாது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவலை கூடாதென்று விதியிருந்தும் நடந்தது இது. கூர்மாவதாரம் என்று ஆமைக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சனவரியில் கரைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார்கள் என்பது நாம் அறியாததன்று.

பிள்ளையார் சதுர்த்திக்கு வருவோம். நீலாங்கரைப் பல்கலை நகர்க் கரையிலும் சீனிவாசபுரத்திலும் பாரந்தூக்கி கொண்டு சிலைகளைக் கடலில் இறக்குகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கரைப்பதற்கு முன்னும், கரைக்கும்போதும், கரைத்த பின்னும் நீரெடுத்துச் சோதிக்கிறது. நல்லது. அந்த மூன்று எண்களையும் கரைத்த இடத்திலேயே தமிழில் பெரிதாக எழுதி, அடுத்த சதுர்த்திவரை நிறுத்தி வைக்க வாரியத்துக்கு ஏன் துணிவில்லை? பக்தர் மனம் புண்படுமாம்! மீன் செவுள் புண்பட்டால் பரவாயில்லையாம்! ஆட்சியில் இருப்பவர் நம்மவரா, மாற்றாரா என்று பார்த்து மாற்றிக் கேட்கும் கேள்வியன்று இது. நம்மவராயின் இன்னும் உரத்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

"படிப்பறிவில்லாத மீனவனுக்கு மில்லிகிராம் புரியுமா?" என்று மேதாவி ஒருவர் சிரிக்கக்கூடும். வாடை எது, கச்சான் எது, வன்னி நீரோட்டம் எது, தெண்டி நீரோட்டம் எது என்று நீரின் நிறத்தையும் வலையின் இழுப்பையும் கொண்டே சொல்பவன் அவன். நீரைக் கையில் அள்ளிப் பார்த்து, "இன்று மீன் இராது" என்கிறானே, அது கண்காணிப்பு அன்றி வேறென்ன? அவனுக்கு எண் தெரியாதென்றால் குறை அவனுடையதன்று. எண்ணை அவன் மொழியில் சொல்லாதவனுடையது. கருவியும் அவன் காலடியிலேயே கிடக்கிறது. எண்ணூர்ப் பாறையில் ஒட்டி வாழும் பச்சை ஆளிச் சிப்பி, நாளெல்லாம் நீரை உறிஞ்சி வடிகட்டித் தன் சதையில் உலோகத்தையும் நஞ்சையும் சேர்த்து வைக்கும் உயிர். அதை அறுத்துப் பார்த்தால் கடலின் கடந்த சில மாதக் கதை தெரியும் என்று கண்டு, உலகக் கரையெங்கும் சிப்பிக் கண்காணிப்பு நடத்தலாம் என 1975-ல் கூறினார் அமெரிக்க அறிஞர் எட்வர்டு கோல்டுபர்க்.

ஆகவே தாம்பரம், மறைமலை நகர் மன்றத் தோழர்களுக்கு ஒரு வேலை. படிப்பகத்தில் அமர்ந்து பேசியது போதும். ஒரு பெட்டி குப்பிகள் வாங்குங்கள். நீரில் கரைந்த உயிர்வளியை அளக்க 1888-ல் அங்கேரி நாட்டு விங்க்ளர் வகுத்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதற்கு வேண்டிய பொருள்கள் கல்லூரி வேதியியல் கூடங்களிலே உண்டு. 1937 முதல் கிறித்தவக் கல்லூரி இருக்கும் ஊர் தாம்பரம். உதவி செய்ய ஓர் ஆசிரியரா கிடைக்கமாட்டார்? அமிலத்தைக் கையாள்வதால் அவர் உடனிருக்கட்டும். முடிச்சூர்ப் பாலத்தில் ஒரு குப்பி, திருநீர்மலையில் ஒன்று, அனகாபுத்தூரில் ஒன்று, சீனிவாசபுரத்தில் ஆறு கடலைத் தொடுமிடத்தில் ஒன்று. காற்றுக் குமிழி புகாமல் நிரப்பி, மாங்கனீசு உப்பும் காரமும் சேர்த்து மூடுங்கள். உயிர்வளி இருந்தால் பழுப்பாகப் படியும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். எவ்வளவு என்பதைக் கூடத்திலே கணக்கிடலாம். மாதம் ஒரு நாள், அதே இடம், அதே வேளை. ஓராண்டுக்கு ஏடு தவறக்கூடாது.

வந்த எண்ணைச் சீனிவாசபுரத்தில் மீனவர் கூடும் இடத்துச் சுவரில், நாளிட்டு, தமிழில் எழுதுங்கள். அதன் கீழேயே பள்ளிக்கரணை மதிலுக்குள் இருப்போருக்கும் கிண்டியில் வாரிய அலுவலகத்தில் இருப்போருக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: "எங்கள் கணக்கு இது. உங்கள் கணக்கு எங்கே?" வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் முதல் எண் சுவரில் ஏறட்டும்.